முனகியதற்குத் தகுதிநீக்கம்

“போட்டியாளர் தமது உரையின் நடுவே பாடினார். இது விதிமீறல். எனவே தகுதிநீக்கம் செய்யப்படுகிறார்.”

மூன்று நிமிட ஆய்வுப் போட்டியை நடத்திய எங்கள் ஆய்வு நாள் குழுவிடமிருந்து இன்று காலை வந்த மெயில். பாடினேனாம்! நான் பாடியிருந்தால் அரங்கில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ஒருத்தரும் அசையவில்லை, அதுவே எனக்குச் சாட்சி. நான் செய்தது நாலே நாலு சுரத்தை வாயைத் திறக்காமல் முனகியது. தொண்டையைச் செருமுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம்கூட இல்லை.

மூன்று நிமிட ஆய்வுப் போட்டி என்றால், பி.எச்டி. ஆய்வு மொத்தத்தையும் மேடையேறி மூன்றே நிமிடத்தில் சொல்லி முடிப்பது. பி.எச்டி. பண்ணுகிறவர்கள் எப்படியும் ஒரு முறை அதில் மாட்டியிருப்பீர்கள். மாட்டாதவர்களை அடுத்த வருடம் கைடே பெயர் கொடுத்து மாட்டிவிடுவார். விதிகள் தெரியும்தானே? ஒரே ஒரு ஸ்லைடு, அதுவும் அசையக்கூடாது. ஒலி கூடாது, வீடியோ கூடாது. கையில் பொருள் எதுவும் கூடாது. இதில் இசைக்கருவி என்று தனியாக வேறு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். கவிதை, பாட்டு, ராப் எதுவும் கூடாது. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் வீட்டுக்குப் போகலாம்.

நான் இசை ஆய்வு மாணவர். இந்த விதியைப் படித்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். வேதியியல்காரரைக் கூப்பிட்டு, “சேர்மம் என்ற பேச்சையே எடுக்காமல் உங்கள் ஆய்வைச் சொல்லுங்கள்” என்று யாராவது கேட்பார்களா?

கோபம் வந்தால் ஆதாரம் தேடுகிற வியாதி எனக்கு உண்டு. தேடினேன். 2008ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போட்டியாம் இது. அப்போது அந்த மாநிலத்தில் கடும் வறட்சி. தண்ணீரை மிச்சம் பிடிக்க, முட்டை வேகவைக்கிற மூன்று நிமிட டைமரைக் குளியலறைச் சுவரில் மாட்டிக் குளித்திருக்கிறார்கள் மக்கள். அங்கே ஆய்வு மாணவர்கள் பிரிவின் தலைவராக இருந்த பேராசிரியருக்கு அதிலிருந்துதான் யோசனை பிறந்திருக்கிறது. 80,000 சொல் தீசிஸை முழுதாகச் சொல்ல 9 மணி நேரம் ஆகும், உங்களுக்கு மூன்று நிமிடம் என்பது போட்டியின் பெருமைமிக்க கோஷம். ஆக, உலகமெங்கும் ஆய்வு மாணவர்கள் வருடக்கணக்கில் படித்ததை எவ்வளவு நேரத்தில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தது ஒரு ஷவர். குவீன்ஸ்லாந்துக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குத் தண்ணீர் இல்லை. எங்கள் ஆய்வு நாள் குழுவுக்கு என்ன இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை.

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? என் தீசிஸே இதைப் பற்றித்தான்! நேரக் கெடு பாட்டை என்ன பாடு படுத்தியது என்பதுதான் என் தலைப்பு. 1890ல் ஃப்யூக்ஸ் என்பவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாசமக்வாடி பழங்குடியினரின் பாட்டுகளையும் கதைகளையும் மெழுகு உருளையில் பதிந்தார். களத்துக்கே போய் ஒலிப்பதிவு செய்கிற வழக்கத்துக்கு அதுதான் தொடக்கம். அந்த உருளை இரண்டு மூன்று நிமிடத்தில் நிரம்பிவிடும். அப்புறம் இசைத்தட்டு வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது சுமார் மூன்று நிமிடம். 1902ல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் ஒலிப்பதிவுக் குழாய்க்கு முன்னால் நின்று, சபையில் மணிக்கணக்கில் விரிகிற ராகத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கினார். அதில் கடைசிச் சில நொடியை, தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவிக்க வேறு ஒதுக்கினார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில், அங்கே இருப்பவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே. ஆலாபனை சுருங்கியது, சரணம் காணாமல் போனது, பாடகர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். இதை ஆராய்கிற ஆளைப் பிடித்து மேடையில் நிறுத்தி, மூன்று நிமிடம் தருகிறோம், சத்தம் வரக்கூடாது என்கிறார்கள். கௌஹர் ஜானுக்காவது பாட அனுமதி இருந்தது.

மேடைக்குப் போகும் முன்னால் ஆன்லைன் படிவம் என்று ஒரு கண்டம். துறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அறிவியல், பொறியியல், மருத்துவம், மேலாண்மை, பிற. நான் பிற. வரலாறு, தத்துவம், மொழி, சமூகவியல், மானிடவியல் எல்லாமே பிற. மனிதன் யோசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து செய்த வேலையில் பாதிக்கு மேல் பிற. அடுத்த கட்டம் சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேரை ஆராய்ந்தீர்கள் என்ற எண்ணிக்கை. எண் போட்டால்தான் அடுத்த பக்கமே திறக்கும். கார்லோ கின்ஸ்பர்க் என்ற இத்தாலிய வரலாற்றாசிரியர் 16ஆம் நூற்றாண்டு மாவு மில்காரர் ஒருவரை மட்டும் வைத்து 1976ல் ஒரு நூல் எழுதினார். சமய விசாரணை மன்றப் பதிவுகளில் சிக்கிய ஒரே ஒரு ஆள். நுண்வரலாறு என்ற துறையை உலகம் திரும்பிப் பார்த்ததே அதற்கப்புறம்தான். அவர் எங்கள் படிவத்தில் 1 என்று போட்டிருந்தால், “போதிய மாதிரி இல்லை” என்று சிவப்பில் காட்டியிருக்கும். எனக்குக் காட்டியது.

பத்தே பத்து நொடி மட்டும் பழைய பதிவை ஒலிக்கவிடலாமா என்று முன்கூட்டியே மெயில் போட்டேன். பதில் வந்தது: “ஒலியை ஸ்லைடில் படமாகக் காட்டலாம்.” இந்த வாக்கியத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

காட்டினேன். பாட்டின் அலைவடிவத்தை ஸ்லைடில் போட்டேன். மேடை வெளிச்சத்தில் அது பார்க்க நசுங்கிய கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் பேசியவர் பேட்டரி ஆய்வு. ஒரு கோடு, மேல்நோக்கிப் போகிறது, கைத்தட்டல். அடுத்து நானும் என் கம்பளிப்பூச்சியும்.

முதல் நிமிடம் நன்றாகத்தான் போனது. உருளை, தட்டு, கெடு எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டாம் நிமிடத்தில் தீசிஸின் உயிர்நாடிக்கு வந்தேன். பாடகர் தட்டு முடியப்போவதை உணர்ந்து ஒரு கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்து வளைக்கிற நெளிவை, அவசரமாக மடக்குகிற இடம் அது. கேட்டால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். இரண்டு நொடிதான். அந்த இரண்டு நொடியை நான் வாயால் விவரிக்க ஆரம்பித்தேன். “முதல் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து கீழே வழுக்கி, வழுக்கும்போதே லேசாக ஒரு அசைவு கொடுத்து, வழக்கமாக அங்கே நிற்க வேண்டியவர் நிற்காமல், மேல் சுரத்தைத் தொட்டும் தொடாமலும்…” முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தொட்டும் தொடாமலும்” என்று நான் மறுபடியும் சொன்னேன். கடிகாரத்தில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் கை தானாகக் காற்றில் வளைந்து நெளிந்து இறங்கியது. நடுவர்கள் என் கையைப் பார்த்தார்கள், அப்புறம் கம்பளிப்பூச்சியைப் பார்த்தார்கள், மறுபடியும் என் கையைப் பார்த்தார்கள். அரை நிமிடம் போய்விட்டது. இரண்டு நொடிச் சங்கதிக்கு அரை நிமிடம்! இந்தக் கணக்கில் ஒரு முழுப் பாட்டைச் சொல்ல வேண்டுமானால் விடுதியில் அறை எடுத்துத்தான் தங்க வேண்டும்.

முனகிவிட்டேன். ம்ம்ம்-ம். அவ்வளவுதான்.

அந்தக் கணத்தில் அரங்கமே “ஓ!” என்றது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது! கண்ணாடி துடைத்தவர்கூடத் தலையாட்டினார். என் தீசிஸ் ஒரு கூட்டத்துக்கு மொத்தமாகப் புரிந்த ஒரே தருணம் அது. அதே தருணத்தில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நடுவர் பேனாவைத் திறந்தார்.

மணி அடித்தது. கேள்வி நேரம் என்று இந்தப் போட்டியில் கிடையாது, ஆனால் எங்கள் குழு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தது. முதல் கேள்வி, “சாம்பிள் சைஸ்?” இரண்டாவது, “இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?” பேட்டரிக்காரரிடம் இதைக் கேட்கவில்லை. பேட்டரி என்றால் பயன், பாட்டு என்றால் பொழுதுபோக்கு. கேட்டவர் காதில் வழக்கம்போல இயர்போன் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகு பக்கத்து அறையில் நடந்ததை அங்கே வேலை பார்த்த தன்னார்வ மாணவர் சொல்லித்தான் தெரியும். முனகல் பாட்டா? ஒருவர், வார்த்தை இல்லையே, அதனால் பாட்டில்லை என்றாராம். அப்படியானால் அது கருவியிசை, தொண்டை இசைக்கருவி, இசைக்கருவிக்குத் தடை என்றாராம் இன்னொருவர். அப்படிப் பார்த்தால் பேசுவதற்கும் தொண்டைதானே என்று யாரோ கேட்க, கொஞ்ச நேரம் எல்லோரும் அமைதியாக இருந்திருக்கிறார்கள். கடைசியில் ஓட்டெடுப்பு. எது இசை, எது இசையில்லை என்று என் துறையில் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொறியாளர் ஒருவர், மேலாண்மைப் பேராசிரியர் ஒருவர், நிர்வாகத்திலிருந்து ஒருவர் சேர்ந்து கைதூக்கியே முடித்துவிட்டார்கள். இசை ஆய்வுக்கு எங்கள் குழு செய்த முதல் பங்களிப்பு இது, மேற்கோள் காட்டியே தீர வேண்டும்.

இந்த விதிக்கு முழுசாகப் பொருந்துகிற இசை ஒன்று இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். 1952ல் ஜான் கேஜ் எழுதிய மௌனப் படைப்பு ஞாபகம் வந்தது. கலைஞர் ஒரு சுரம்கூட வாசிக்க மாட்டார். அதுவும் தேறாது. 4 நிமிடம் 33 நொடி.

தனியாகப் புலம்புகிறேன் என்று நினைக்காதீர்கள். தோழி ஒருத்தி சமூகவியல். முதியவர்களிடம் அவர்கள் பார்த்த வேலையைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்கிறாள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தருகிற அறநெறிக் குழுவின் படிவத்தில், எடுக்கப்போகும் ரத்தத்தின் அளவு என்று ஒரு கட்டம் இருந்ததாம். கதை கேட்கப் போகிறவள் எத்தனை மில்லி எடுப்பாள்? தத்துவம் படிக்கிற நண்பரிடம் டேட்டாவை எங்கே பாதுகாப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். “தலையில்” என்று எழுதிக் கொடுத்தார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் பரவாயில்லை, அங்கே வாய்மொழி வரலாற்றுக்கு விலக்கு உண்டு என்பார்கள். உண்டுதான். 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்திய விதியைப் படித்துப் பாருங்கள். வாய்மொழி வரலாறு, வாழ்க்கை வரலாறு, இலக்கியத் திறனாய்வு, வரலாற்று ஆய்வு எல்லாம் அந்த விதியின் கணக்கில் ‘ஆராய்ச்சி’ ஆகாதாம், அதனால் படிவம் வேண்டாமாம். ஒன்று ரத்தம் கொடு, இல்லாவிட்டால் நீ ஆராய்ச்சியே செய்யவில்லை என்று ஒத்துக்கொள். ஊருக்கு இளைத்தவர்கள் நாங்கள்தான்.

மெயிலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். “நான் பாடவில்லை” என்று தட்டச்சு செய்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நீதிமன்றத்தில் நிற்கிற ஆள் மாதிரி, வாழ்நாளில் முதல்முறையாக, இசை ஆய்வாளராக இருந்துகொண்டு, தனக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எழுத்து மூலம் நிரூபிக்கப் பார்க்கிறேன். சிரித்து முடித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்திருக்கலாம். வேலையாவது பார்ப்போம் என்று தீசிஸின் மூன்றாம் இயலைத் திறந்தேன்.

அப்புறம் இந்த அடிக்குறிப்புகள்! பக்கம் நிறைய இடம் காலியாகக் கிடக்கிறது, 64ஆம் அடிக்குறிப்பு மட்டும் முதல் வரியை இங்கே விட்டுவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. இழுத்துக்கொண்டு வந்தால் 65 போகிறது. 65ஐச் சரிசெய்தால் பொருளடக்கத்தில் பக்க எண்கள் எல்லாம் ‘பிழை’ என்று தடித்த எழுத்தில் கத்துகின்றன. ஒரு படம் எந்தக் காரணமும் இல்லாமல் நன்றியுரைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, என் கைடின் பெயருக்கு நேர் மேலே. இந்த மென்பொருளை எழுதிய புண்ணியவான்கள் யாருமே ஒரு தீசிஸை எழுதி முடித்ததில்லையா? நான் செய்தது என்ன பெரிய தப்பு? ஒரு கமா போட்டேன் ஐயா. ஒரே ஒரு கமா!