பச்சையாக இருந்தால் போதுமா ஆற்றங்கரை?

சென்ற வாரம் ஓர் ஆற்றங்கரையைக் காட்ட என்னை அழைத்துப்போனார்கள். சீரமைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றனவாம். இருபுறமும் கருங்கல் பதித்த சரிவு, அதன் மேல் நடைபாதை, ஓரத்தில் பத்தடிக்கு ஒன்றாக ஒரே இன மரங்கள், கீழே ஒட்ட வெட்டிய புல். “பச்சைப் பசேலென்று இருக்கிறது, பாருங்கள்” என்றார் உடன் வந்தவர். பச்சைதான், மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரம் நடந்தும் தண்ணீருக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு புதரைக்கூட நான் காணவில்லை. எந்த மரத்தின் நிழலும் தண்ணீரைத் தொடவில்லை.

ஆற்றின் நலம் என்றாலே குப்பியில் தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதோடு முடித்துக்கொள்கிறோம். அது வேண்டிய வேலைதான். ஆனால் அந்தத் தண்ணீர், எடுத்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். பத்து, இருபது ஆண்டுகளாக ஆற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கரையில் நிற்கும் செடிகொடிகளிடம்தான் படிக்க வேண்டும்.

கரையின் நலத்தை எண்ணால் சொல்ல முடியாது, அதெல்லாம் அவரவர் ரசனை என்று சிலர் வாதிடுகிறார்கள். முடியும். ஸ்பெயினின் கத்தலோனியாவில் 1990-களின் பிற்பாதியில் ஆய்வாளர்கள் ‘கியூபிஆர்’ என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். கரையைத் தாவரங்கள் எவ்வளவு மூடியிருக்கின்றன, மரம், புதர், நீரோரச் செடி என்று அடுக்கடுக்காக இருக்கின்றனவா, அந்த மண்ணுக்குரிய இனங்கள்தாமா, ஆற்றின் போக்கை மனிதர் எந்த அளவுக்கு மாற்றியிருக்கிறார்கள் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100. 95-உம் அதற்கு மேலும் என்றால் இயற்கை நிலை, 25-உம் அதற்குக் கீழும் என்றால் மிக மோசம். வரிசை பிடித்து நட்ட மரங்களுக்கும் ஆற்றை ஒட்டிக் கட்டிய சுவருக்கும் இம்முறையில் மதிப்பெண் குறையும். அந்தப் பச்சைக் கரைக்கு மனத்துக்குள் மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். 25-ஐத் தாண்டவில்லை.

எந்த முறையாக இருந்தாலும் கரையில் நான் முதலில் தேடுவது கன்றுகளைத்தான். பெரிய மரங்களைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. வட அமெரிக்க ஆற்றோரங்களின் காட்டன்வுட் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதைக்கு ஆயுள் சில வாரங்களே. அதற்குள் வெள்ளம் விட்டுச்சென்ற ஈர வண்டலில், வேறு செடிகள் மூடாத இடத்தில் விழுந்தாக வேண்டும். பிறகு தண்ணீர் மெல்ல வடிய வேண்டும். நிலத்தடி ஈரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கினால் நாற்றின் வேர் பின்தொடர்ந்து பிழைத்துக்கொள்ளும். அணையின் மதகைச் சட்டென்று அடைத்துவிட்டால் வேருக்கு ஈரம் எட்டாது, நாற்று கருகிவிடும். மேலே முதிய மரங்கள் இன்னும் பல பத்தாண்டுகள் தழைத்து நிற்கும். பார்ப்பவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கீழே அடுத்த தலைமுறையே இருக்காது.

அமெரிக்காவின் டிரக்கி ஆற்றில் இது திருந்திய கதையும் உண்டு. குய்-உய் என்ற அரிய மீன் முட்டையிட வசதியாக 1980-களில் வசந்த காலத்தில் கூடுதல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். திறந்தது மீனுக்காக. ஆனால் வெறிச்சோடிக் கிடந்த கரைகளில் காட்டன்வுட் நாற்றுகள் முளைத்தன. நட்டவர் யாரும் இல்லை. நாற்று நடும் விழாக்களுக்குச் செலவிடும் அக்கறையில் கொஞ்சத்தை மதகு திறக்கும் நாள்குறிப்பின் மேல் வைக்கச் சொல்லி நான் மன்றாடுவது இதனால்தான்.

நிழல் விழும் சிறு ஓடையில் ஊறிக்கிடக்கும் ஒரு சருகை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நரம்பு மட்டும் மிஞ்ச அரித்திருக்கும். அதன் அடியில், சருகுத் துணுக்குகளையும் மணலையும் ஒட்டவைத்துக் குழாய்போல் உறை செய்து உள்ளே ஒடுங்கியிருக்கும் ஒரு புழு. உதிர்ந்த இலைதான் அதற்கு உணவு, அந்தப் புழுவே மீனுக்கு உணவு. கரைமரத்தை வெட்டினால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. நிழல் போய்த் தண்ணீர் சூடேற, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைகிறது.

பச்சை ஏமாற்றும் இன்னோர் இடம் அயல் தாவரங்கள். தென் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடினால் தொலைவிலிருந்து செழிப்பாகவே தெரியும், அடியில் வெளிச்சம் இருக்காது. வானிலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்துக் கரைக்குச் சான்றிதழ் கொடுப்பவர்கள் ஒருமுறை இறங்கி நடந்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். பிரிட்டனின் ஆற்று வாழிட ஆய்வில் 500 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டு 50 மீட்டருக்கு ஒருமுறை நின்று பத்து இடங்களில் குறிப்பெடுக்கிறார்கள். நடக்காமல் அது நடவாது.

ஒரே அளவுகோலை எல்லா ஆற்றுக்கும் வைப்பதையும் நான் ஏற்கவில்லை. வறண்ட நிலத்து மணலாற்றில் மரம் குறைவாக இருப்பது குறையல்ல, அதன் இயல்பே அது. அதே வகை ஆற்றில் அதிகம் சிதையாத ஒரு பகுதியோடுதான் ஒப்பிட வேண்டும். ஆறு, ஏரிகளின் நலத்தைக் காக்க ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டு கொண்டுவந்த நீர்ச் சட்டக ஆணையும் இந்த ஒப்பீட்டைத்தான் அடிப்படையாகக் கொண்டிருக்கிறது.

அன்று திரும்பும் வழியில், கருங்கல் சரிவு முடிகிற இடத்துக்குக் கீழே சிறு வண்டல் திட்டு ஒன்றைப் பார்த்தேன். குனிந்தால் விரல் நீளம்கூட இல்லாத நாற்றுகள், சிலவற்றில் இரண்டே இலை. நடைபாதையோர மரங்களின் இலை அல்ல அது, மேலே எங்கிருந்தோ வந்த விதை. இருபத்து மூன்று எண்ணினேன். அடுத்த மாதம் களையெடுப்பில் இந்தத் திட்டையும் வழித்துவிடுவார்கள் என்றார் உடன் வந்தவர். அதை மட்டும் அப்படியே விட்டுவைக்கக் கேட்டுக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.