சும்மா பறந்து பழகுன்னு சொல்றவங்களுக்கு

ரெண்டு மூணு நாளா எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரே சண்டை. சொந்தத்துல ஒரு பையன் சிபிஎல் முடிச்சிட்டு வந்து நிக்கிறான், கமர்ஷியல் பைலட் லைசன்ஸ். அட்டன்ல கடை வச்சிருக்கிற அப்பா கடைய ஈடு வச்சு, அம்மா நகையெல்லாம் அடகுக்குப் போயி, ரத்மலானைல பைலட் படிப்பு முடிச்ச புள்ள. இப்ப ஒரு இடத்துல வாய்ப்பு வந்திருக்கு. சம்பளம் கெடையாது. ஒரு வருஷம் சும்மா வேலை செய்யணும், ஆபீஸ் வேலையும் பாக்கணும், அப்பப்ப பறக்க விடுவாங்களாம், பறந்த மணித்தியாலக் கணக்கு ஏறுமாம். குரூப்புல பாதிப் பேரு "போடா தம்பி, அனுபவம்தான் முக்கியம், சல்லி பின்னால வரும்"னு பூவும் கும்புடுமா போட்டுத் தள்ளுறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. அங்க எழுதுனா பெரியம்மா கோவிச்சுக்குவாங்க, அதனால இங்க எழுதுறேன், அவங்க முகநூல் பக்கம் வர்றதில்ல.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நான் பைலட் இல்ல. வளைகுடா நாட்டு ஏர்போட் ஒண்ணுல ராம்ப்ல நின்னவன், பெட்டி ஏத்துறது, சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறது, ஹெட்செட் மாட்டிக்கிட்டு பிளேன பின்னால தள்ளி விடுறதுன்னு அந்த வேலை. பைலட்மார மேல இருந்து பாத்ததில்ல, கீழ இருந்து பாத்திருக்கேன். பிளேன் பொறப்புடுறதுக்கு முன்னால யாராவது ஒரு பைலட் டோர்ச்ச எடுத்துக்கிட்டு எறங்கி முழு பிளேனையும் ஒரு சுத்து சுத்திப் பாக்கணும், அனேகமா கோ பைலட்தான் வருவாரு. ஒரு நாள் ராத்திரி சின்ன வயசு கோ பைலட் ஒருத்தர், மீசை கூட சரியா வரல, சக்கரத்துக்கு மேல இருக்கிற குழாய்க்கிட்ட டோர்ச் அடிச்சுட்டு அப்பிடியே நின்னுட்டாரு. வெரல வச்சுத் தொட்டு மோந்து பாத்தாரு. எண்ணெய் கசிவு. பயணிங்க எல்லாம் ஏறி ஒக்காந்தாச்சு, ஏற்கனவே லேட்டு, கேப்டன் மேல இருந்து கைய ஆட்டுறாரு, எங்க சுப்பர்வைசர் கெட்ட வார்த்தைல முணுமுணுக்கிறாரு. அந்தப் பையன் அசையல. இஞ்சினியரக் கூப்பிடுங்க, அவர் வந்து பாத்துக் கையெழுத்து வைக்காம நான் ஏற மாட்டேன்னுட்டாரு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல போச்சு. அந்தச் சின்னப் பையனோட மொத்த வேலையும் அந்த "மாட்டேன்"லதான் இருந்துச்சு, பட்டனெல்லாம் அமுத்துறது அதுக்குப் பொறகு.

இப்ப கேக்குறேன், அந்த எடத்துல சம்பளமே இல்லாம, எப்ப வேணும்னாலும் நாளைக்கி வராதன்னு சொல்லி அனுப்பிடக்கூடிய ஒரு பையன் நின்னிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பானா? அடுத்த மாசம் பறக்க விடுவாங்களா இல்லையாங்குறதே கேப்டன் மொகத்தப் பொறுத்து இருக்கும்போது?

சரி, ஏன் இந்த நெலம வருதுன்னும் தெரிஞ்சுக்கணும், பையனத் திட்டிப் புண்ணியமில்ல. சிபிஎல் எடுக்க உலகம் முழுக்க வழக்கமான கணக்கு 200 மணித்தியாலம், ஒரே கோர்ஸா சேத்துப் படிச்சா 150 போதும். ஆனா பெரிய லைசன்ஸ், கேப்டன் ஆகுறதுக்கு வேண்டிய ஏடிபிஎல், அதுக்கு 1500. நடுவுல இருக்கிற அந்த 1300தான் பள்ளம். 200 மணித்தியாலக்காரன எடுத்து ஒக்கார வைக்க எத்தனையோ கொம்பனிக்கு மனசு வராது, இன்சூரன்ஸ்காரனும் லேசுல விட மாட்டான். சொந்தக் காசுல ஏத்தலாம்னா செஸ்னா 152ன்னு ரெண்டு பேரு ஒக்கார்ற சின்ன பிளேனே மணித்தியாலத்துக்கு இருபது லீட்டருக்கு மேல குடிக்கும், அதுவும் நம்ம ஷெட்டுல அடிக்கிற பெற்றோல் இல்ல, அவ்காஸ்னு தனியா வெளிநாட்டுல இருந்து வர்றது. இது போதாதுன்னு ஒவ்வொரு ரகப் பெரிய பிளேனுக்கும் டைப் ரேட்டிங்னு தனிப் பயிற்சி வேற, ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ்ல இருக்கிறது எல்லாம் ஏர்பஸ், ஏர்பஸ் ரேட்டிங் இல்லாம அந்த பிளேன ஓட்ட முடியாது. 2022 நெருக்கடியில அனுபவசாலி பைலட்மாரு எத்தனையோ பேரு வெளிநாட்டுக்குப் போயிட்டாங்க, அந்த எடத்துக்கு ஆள் தேவைதான், ஆனா தேவைப்படுறது அனுபவசாலி. அதனால பையன் தவிக்கிறது எனக்கு நல்லாவே வெளங்குது.

குரூப்புல ஒருத்தரு நல்ல பாயிண்ட் ஒண்ணு வச்சாரு, அத மறைக்கக் கூடாது. அமெரிக்காவுல எஃப்ஏஏங்குற விமானத்துறை அமைப்போட சட்டப்படி பிரைவேட் லைசன்ஸ் மட்டும் வச்சிருக்கிறவன் கூலிக்குப் பறக்கக் கூடாது, அதுல அவங்க என்ன சொல்றாங்கன்னா, கையில காசு வாங்காட்டியும் ஓசியா மணித்தியாலம் கெடச்சா அதுவும் கூலிக் கணக்குத்தான். பாத்தீங்களா, மணித்தியாலமே சம்பளம்தானே, பையன் சும்மா வேலை செய்யலயேங்குறாரு. வாதம் சரிதான். அப்ப நான் கேக்குறது, அந்தச் சம்பளம் மாசத்துக்கு எவ்வளவு? பேப்பர்ல எங்க இருக்கு? பையனுக்கு வந்த கடிதத்த நானே வாசிச்சேன். ஆபீஸ் நேரம் காலைல எட்டரைல இருந்து சாயங்காலம் அஞ்சரைன்னு நிமிஷக் கணக்கா இருக்கு. பறக்குறதுக்கு மட்டும் "தேவைக்கேற்ப". மணித்தியாலம்தான் கூலின்னா, அந்தக் கூலிய மட்டும் கொம்பனி எழுதித் தர மாட்டேங்குது.

அடுத்தது சாப்பாடு. ஒரு வருஷம் சம்பளம் இல்லன்னா பையன் கொழும்புல எப்பிடி இருப்பான்? போர்டிங் காசு யாரு குடுப்பா? வீட்டுல இனி அடகு வைக்க ஒண்ணுமில்ல. அப்ப ராத்திரிக்கு பிக்மீ டாக்சி ஓட்டுவான், இல்ல கோல் சென்டர்ல ஒக்காருவான். பைலட் எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம், எத்தனை மணித்தியாலம் தூங்கணும்னு சட்டம் இருக்கு, கண்டிப்பாவும் இருக்கு. ஆனா ராத்திரி பிக்மீ ஓட்டுனது, பறந்த கணக்கு எழுதுற லாக்புக்ல ஏறாது. பேப்பர்ல நல்லாத் தூங்கி எழும்புன பையன், சீட்டுல ஒக்கார்றது ரெண்டு மணித்தியாலம் கண்ணசந்த பையன்.

இது சும்மா பயமுறுத்துறதுக்கு சொல்லல. 2009 பெப்ரவரி 12, அமெரிக்காவுல நியூவார்க்ல இருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் பிளேன் வீட்டு மேல விழுந்து 50 பேரு செத்தாங்க. பிளேன் வேகம் கொறஞ்சு எச்சரிக்கை அடிச்சப்போ கேப்டன் செய்ய வேண்டியதுக்கு நேர்மாறா செஞ்சதுதான் காரணம்னு விசாரணை முடிவு. அதோட இன்னொரு விஷயமும் வெளிய வந்துச்சு. கோ பைலட்டுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 16,000 டொலர், அந்த ஊருல அது ஒண்ணுமே இல்ல, நியூவார்க் பக்கம் வீடு எடுக்க வசதியில்லாம நாட்டோட மறுகோடியில சியாட்டில்ல அப்பா அம்மா வீட்டுல இருந்து ராத்திரியோட ராத்திரியா வேற பிளேன்ல ஏறி வந்து, அங்கயே ஆபீஸ் சோபாவுல கொஞ்சம் படுத்து எந்திரிச்சு வேலைக்கு வந்தவங்க. அதுக்குப் பொறகுதான் கோ பைலட்டுக்கும் 1500 மணித்தியாலம் வேணும்னு 2013ல சட்டத்த எறுக்குனாங்க. வேடிக்கை என்னன்னா அந்த பிளேன்ல இருந்த ரெண்டு பேருக்குமே ஏற்கனவே 2000க்கு மேல இருந்துச்சு. மணித்தியாலம் இருந்துச்சு, தூக்கம் இல்ல. அது கொஞ்சமாவது சம்பளம் இருந்த எடம். சம்பளமே இல்லாத எடத்த நீங்களே யோசிச்சுப் பாருங்க.

பிளேன் விபத்துன்னா என்னன்னு மஸ்கெலியா, நோட்டன் பக்கத்து ஆளுங்களுக்கு நான் வெளக்கத் தேவையில்ல. 1974 டிசம்பர் 4, ஹஜ்ஜுக்குப் போன இந்தோனேசியப் பயணிங்களோட வந்த மார்ட்டின்எயார் பிளேன் ஏழு கன்னி மலைல மோதி 191 பேரும் போயிட்டாங்க, கட்டுநாயக்கா ஏர்போட்டுக்குக் கிட்ட வந்துட்டோம்னு எடத்தத் தப்பா நெனச்சுக் கீழ எறக்கிட்டாங்க. எங்க அப்பா தலைமுறை இன்னும் அந்தக் கதைய சொல்லும். அது ஒல்லாந்துக் கொம்பனி. மூணு வருஷத்துக்குள்ள, 1977 மார்ச்சுல, ஸ்பெயினோட தீவு டெனரீஃப்ல இன்னொரு ஒல்லாந்து பிளேன், கேஎல்எம், பனில அதே ஓடுபாதைல இருந்த அமெரிக்க பான் அம் பிளேன் மேல மோதி 583 பேரு செத்தாங்க. அதுல பிளைட் இஞ்சினியரு, பான் அம் இன்னும் பாதைய விட்டு ஒதுங்கலையோன்னு கேட்டிருக்காரு, கேப்டன் அதெல்லாம் ஒதுங்கியாச்சுன்னுட்டு ஓட்டிட்டாரு, அதுக்கு மேல யாரும் ஒண்ணும் சொல்லல. இந்த மாதிரி விபத்துங்களுக்குப் பொறகுதான் சின்னவன் பெரியவன எதுத்துப் பேசுறதையே ஒரு பாடமா வச்சு பைலட்மாருக்கு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. நல்ல சம்பளம், பல வருஷ சர்வீஸ், யூனியன் எல்லாம் இருந்தவங்களுக்கே அன்னைக்கி வாய் வரல!

இப்ப நம்ம கதைக்கு வர்றேன். கடனும் வாய மூடுறதும் சேந்து வர்றத மலையகத்துல பொறந்தவனுக்கு யாரு சொல்லிக் குடுக்கணும்? நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து வரும்போதே முன்பணக் கடனோடதான் வந்தாங்க, மொதல் கூலி கைக்கு வர்றதுக்கு முன்னாலயே கடன்காரன். துண்டுன்னு ஒரு சீட்டு, இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதக் கட்டுறவன் கூட்டிட்டுப் போகலாம்னு. 1921லதான் அத ஒழிச்சாங்க. கடன் இருக்கிற வரைக்கும் தொரைய எதுத்துக் கதைக்க யாருக்கும் தொண்டை வராது, அதுதான் அந்தச் சீட்டோட பலனே. வெள்ளை சட்டை, தோள்ல கோடு போட்டு நிக்கிற இந்தப் பையனும் மொதல் சம்பளத்துக்கு முன்னாலயே கடன்காரன், அதுக்கு மேல ஒரு வருஷம் கூலியும் இல்ல. அவன் யாரை எதுத்துக் கதைப்பான்?

இன்னொண்ணும் இருக்கு. சும்மா வேலை செய்யுறது வழக்கமாயிட்டா, சும்மா செய்ய வசதி உள்ளவன் வீட்டுப் புள்ளைங்க மட்டும்தான் உள்ள போகும். கொழும்பு ஏழுல வீடு இருக்கிறவனுக்கு ஒரு வருஷம் சும்மா போறது லீவுல இருக்கிற மாதிரி. பொகவந்தலாவைல லயத்துல ஒரு புள்ள ஏ லெவல் கணிதத்துல மூணு ஏ எடுத்தாலும் அந்தக் கதவு தெறக்காது. ஏற்கனவே நம்ம புள்ளைங்கள ஆசிரியர் உதவியாளர்னு சொல்லி மாசம் 6000 ரூபாவுக்கு வருஷக்கணக்குல வகுப்புல நிப்பாட்டி வச்சாங்களே, அப்பவும் இதே பேச்சுத்தான், பயிற்சிக் காலம், பொறுத்துக்கோங்கன்னு. 6000 அப்பறம் 10,000 ஆச்சு. பொறுத்துக்கிட்டவங்களுக்கு அந்த வருஷங்கள யாரும் திருப்பிக் குடுக்கல.

ஐரோப்பாவுல இதவிடக் கேவலம் நடந்திருக்கு, பே டு ஃபிளைன்னு பேரு, பைலட்டே கொம்பனிக்குக் காசு கட்டி, டிக்கட் எடுத்த பயணிங்க இருக்கிற பிளேன்ல கோ பைலட்டா ஒக்காந்து மணித்தியாலம் வாங்குறது. அங்க பைலட் சங்கங்க அத எதுத்து சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு. ஒருத்தன் சும்மா வர ஒத்துக்கிட்டா அடுத்தவன் காசு குடுத்து வர்றேம்பான், அந்தப் போட்டிக்கு அடியே கெடையாது.

எல்லாத்தையும் ஒரே தராசுல போடவும் நான் வரல. கொம்பனி தன் காசுல டைப் ரேட்டிங் குடுத்து, சம்பளமும் குடுத்து, இத்தனை வருஷம் நீ எங்கிட்ட இருக்கணும்னு பொண்ட் எழுதுறது வேற, தொகையும் காலமும் நியாயமா இருந்தா அதுல எனக்கு ஒண்ணும் கசப்பில்ல. லீவு நாள்ல பிளையிங் கிளப்புக்குப் போயி பிளேன் கழுவிக் குடுத்து, பெரியவங்க கூட பக்கத்து சீட்டுல ஒக்காந்து நாலு விஷயம் கத்துக்கிறதும் வேற, அது ஆசையில செய்யுறது. டிக்கட் வித்துக் காசு பாக்குற பிளேன்ல, லாபம் ஒருத்தனுக்கும் பொறுப்பு இன்னொருத்தனுக்கும்னு வர்ற எடத்தத்தான் நான் சொல்றேன். காசல்ரீ தண்ணில சீ பிளேன் வந்து எறங்குறப்ப கரையில நிக்கிற புள்ளைங்க கைய ஆட்டும், உள்ள இருக்கிற வெள்ளைக்காரன் ஆயிரக்கணக்குல குடுத்துத்தான் வந்திருப்பான். அந்தக் காசுல எல்லாருக்கும் பங்கு இருக்கும்போது ஓட்டுறவனுக்கு மட்டும் ஏன் காசுக்குப் பதிலா அனுபவம்?

பையன்கிட்ட நேத்து ராத்திரி போன்ல கதைச்சேன். "மாமா, நான் வேணாம்னா பின்னால பத்துப் பேரு நிக்கிறாங்க"ன்னான். உண்மைதான், அந்தப் பத்துப் பேருக்கும் கடன் இருக்கும். நான் அவன போகாதன்னு சொல்லல, வாழப் போறது அவன். போய்க் கேளுன்னு மட்டும் சொன்னேன். மாசத்துக்கு ஆகக் கொறஞ்சது எத்தனை மணித்தியாலம்னு எழுத்துல தருவாங்களா, ஊழியர் சேமிப்பு நிதி, அதான் ஈபிஎஃப் ஈடிஎஃப், அது உண்டா, ஏதும் நடந்தா இன்சூரன்ஸ்ல அவன் பேரு ஊழியரா இருக்கா இல்ல வேற என்னமாவா, ஒடம்பு சரியில்லாத நாள்ல இன்னைக்கி பறக்க முடியாதுன்னு சொன்னா என்ன செய்வாங்க. கடைசிக் கேள்விக்கு அவங்க மொகம் எப்பிடி மாறுதுன்னு பாரு, அதுல பாதிப் பதில் கெடச்சிடும்னேன்.

எனக்குத் தெரிஞ்சு அவனுக்கு இருக்கிற ஒழுங்கான வழி இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுக்கிறது. உலகம் முழுக்க புதுப் பைலட்மாரு மணித்தியாலம் ஏத்துறது அனேகமா அப்பிடித்தான், அடுத்தவனுக்கு சொல்லிக் குடுத்து, அதுக்குக் கூலியும் வாங்கி. அதுக்கும் காசு வேணும், தெரியும், ஆனா ஒரு வருஷ போர்டிங் காசையும் சாப்பாட்டுக் காசையும் சேத்துப் பாத்தா சும்மா வேலை ஒண்ணும் சும்மா இல்ல. ரத்மலானை பக்கம் இருக்கிறவங்க, இல்ல அந்தக் கோர்ஸ் செஞ்சவங்க யாராச்சும் இருந்தா இப்ப எவ்வளவு போகுது, செஞ்ச பொறகு வேலை கெடைக்குதா, யாரப் பாத்துக் கதைக்கணும்னு எனக்கு இன்பாக்ஸ்ல போடுங்க. மாசக் கடைசிக்குள்ள பையன் அந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்லணுமாம்.