இளைப்பு இருந்தாலும் நடக்கத்தான் வேண்டும்

"இளைப்புக்காரங்க ஓடியாடக் கூடாது" என்று நம் ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் ஏர்வாடி வரை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தப்பு. ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடையோ சைக்கிளோ நீச்சலோ பழகத்தான் வேண்டும். சும்மா உட்கார்ந்தே இருந்தால் உடம்பு தளர்ந்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும்; அந்தப் பழியும் ஆஸ்துமா தலையில் விழும்.

வேகமாக நடக்கும்போது வாயால் மூச்சு இழுக்கிறோம். மூக்கில் நனையாத காற்று நேரே உள்ளே போய் மூச்சுக்குழாயை உலர்த்த, அது சுருங்குகிறது. நம் கரையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. நமக்குப் பகை வேறு: கரிமூட்டப் புகை, சீமைக்கருவேல மகரந்தம், கச்சான் காற்று வாரியடிக்கும் மணல், விடியலில் தெருவோரம் கொளுத்தும் குப்பை. ஆஸ்துமாவே பின்னிரவிலும் விடியலிலும்தான் கூடுதலாகப் படுத்தும். அதனால் "அஞ்சு மணிக்கே எந்திரிச்சு நட" என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. வெயில் தாழ்ந்தபின் நடங்கள்.

முதல் 10 நிமிடம்தான் உயிர்நாடி. மெல்ல நடந்து, நடுநடுவே அரை நிமிடம் வேகம், பிறகு மெது என்று மாற்றி மாற்றிச் சூடேற்றினால் பலருக்கு அடுத்துச் சிறிது நேரம் குழாய் எளிதில் சுருங்காது. பிறகு 20 நிமிடம், பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். கடைசி 5 முதல் 10 நிமிடம் படிப்படியாகக் குறையுங்கள். சட்டென்று நிறுத்தாதீர்கள், இளைப்பு பெரும்பாலும் நின்ற பிறகு, ஐந்து பத்து நிமிடத்தில்தான் வரும். காலை இழுக்கும் உதிரி மணலில் நடக்க, கெட்டித் தரையைப்போல இரண்டு மடங்கு சக்தி போகும். புதிதாகத் தொடங்குபவர்கள் அலை நனைத்த இறுகிய மணலிலோ தார் ரோட்டிலோ நடக்கட்டும்.

நீச்சல் நல்லது. சங்கு குளிப்பது போல மூழ்குவது வேறு கதை. டாக்டர் பார்க்காமல் இறங்கவே கூடாது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான்: "பம்ப் பழகிப்போகும்" என்று பயந்து, குழாய் வீக்கத்தைத் தணிக்கும் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரை விட்டுவிடுகிறார்கள். அது பழக்கமாகாது, அடித்தபின் வாய் கொப்பளித்தால் போதும். நடைக்கு 15 நிமிடம் முன் குழாயைச் சட்டென்று விரிக்கும் சால்பியூட்டமால் பம்பில் 2 பஃப் (ஒரு அழுத்து ஒரு பஃப், 100 மைக்ரோகிராம்) எடுக்கச் சொல்லியிருந்தால் எடுங்கள். ஆனால் தினமும் அது இல்லாமல் நடக்க முடியவில்லையென்றால் அடிப்படை மருந்து போதவில்லை என்று பொருள். பம்பை வண்டி டிக்கியில் வெயிலில் விடாதீர்கள்; மடியில் இருக்கட்டும்.

நடுவழியில் நெஞ்சு இறுகினால் நில்லுங்கள். படுக்காமல், நிமிர்ந்து உட்காருங்கள். சால்பியூட்டமாலை ஸ்பேசர் (பம்பில் மாட்டும் குடுவை) வழியே ஒவ்வொன்றாக 4 பஃப், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் பொறுத்தும் இறங்கவில்லையென்றால் மறுபடி 4. அதற்கும் அடங்காவிட்டாலோ, பேச்சு திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108.