முதல் கிண்ணம் உங்களுக்கு

வீட்டில் எல்லோருக்கும் சமைக்கிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், உங்களுக்குப் பிடித்ததை உங்களுக்காக மட்டும் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று. பெரும்பாலும் பதில் உடனே வராது. ஒருவருக்கு உப்பு குறைவு, இன்னொருவருக்குக் காரம் ஆகாது என்று மற்றவர்கள் நாக்கெல்லாம் நினைவில் இருக்கும், தன் நாக்கைத் தவிர. தனியாக இருப்பவர்கள் வேறு மாதிரி. "ஓர் ஆளுக்காக எதற்கு அடுப்பைப் பற்ற வைப்பது" என்று பாக்கெட்டைப் பிரித்துவிடுவார்கள். இரண்டு பேருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். உங்களுக்காக நீங்களே கொறிக்க ஏதாவதும் குடிக்க ஏதாவதும் செய்து வைத்துக்கொள்வது வீண் வேலை இல்லை. தன்னைக் கவனித்துக்கொள்வது என்று நாம் பேசுகிறோமே, அதில் முதலில் வர வேண்டியது இது.

உடம்பும் மனமும் ஓய்ந்து போகிற மாலை நேரத்தில் மன உறுதியை நம்பிப் பயனில்லை. எது கைக்கு எட்டுகிறதோ அதுதான் வாய்க்குப் போகும். அதனால் முடிவை அதற்கு முன்பே, தெம்பாக இருக்கும்போதே எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அவ்வளவாகப் பதப்படுத்தாத உணவு. வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. பாக்கெட் காலியாகும்வரை கை நிற்காததற்கு "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று தன்னைத் திட்டிக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குறை முழுக்க உங்களிடம் இல்லை.

சரி, என்ன செய்வது? என் முதல் ஓட்டு வறுத்த கொண்டைக்கடலைக்கு. புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்து இருப்பதால் கொஞ்சம் சாப்பிட்டாலே பசி அடங்கும். இரவு ஊறப்போட்டு, குழையாமல் வேகவைத்து, வடித்து, துணியில் பரப்பி நன்றாக ஈரம் போக்க வேண்டும். இந்த ஈரம் போக்குகிற வேலையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஈரம் இருந்தால் கடலை வறுபடாது, ஆவியில் வெந்துகொண்டேதான் இருக்கும். அப்புறம் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மிதமான சூட்டில் பொறுமையாக வறுங்கள். மிளகாய்த்தூள், மிளகுத்தூள் எல்லாம் இறக்குகிற நேரத்தில்தான், முன்னாலேயே போட்டால் கருகிக் கசந்துவிடும். முழுக்க ஆறிய பிறகே மூடி போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே ஆவி தங்கி நமுத்துப்போகும். வறுபடும்போது வரும் அந்த வாசனை பாதிக் களைப்பைத் தீர்த்துவிடும் என்பது என் அனுபவம்.

இனிப்பு வேண்டுமென்றால் பேரீச்சம்பழத்தையும் வறுத்த வேர்க்கடலையையும் சேர்த்து இடித்து உருட்டுங்கள், பாகே தேவையில்லை. ஆனால் வீட்டில் செய்தது என்பதற்காகக் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்றில்லை. உலர்ந்த பேரீச்சையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். ஓர் உருண்டை, இரண்டு உருண்டை போதும், அதை ரசித்துச் சாப்பிடுங்கள்.

பானத்தில் இன்னும் கவனம் வேண்டும். சேர்க்கும் சர்க்கரையோடு தேனையும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. 2015இல் வந்த அதன் வழிகாட்டுதல்படி இவை அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அந்த 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம், ஆறு டீஸ்பூன். எனவே பழத்தைப் பிழிந்து வடிகட்டாமல் அப்படியே கடித்துச் சாப்பிடுவதே மேல். குடிக்க எலுமிச்சையும் புதினாவும் போட்ட குளிர்ந்த தண்ணீர், இல்லையென்றால் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர். உடம்பின் நச்சை எல்லாம் வெளியேற்றும் என்று விற்கப்படும் பானங்கள் மீது எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. காபி பிரியர்களுக்கு ஒன்று: உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த காபியில் பாதி, பதினோரு மணிக்குப் படுக்கும்போதும் உள்ளே இருக்கும்.

இதெல்லாம் இன்னொரு சுமையாகிவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முடியாத நாளில் ஓர் ஆப்பிளை நறுக்கிக்கொண்டால் போதும், கெட்டித் தயிரில் பழத்துண்டுகள் போட்டால் அதுவும் பலகாரம்தான். கடையில் வாங்கினாலும் குற்றம் இல்லை. ஆனால் செய்தாலும் வாங்கினாலும் நின்றுகொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாதீர்கள். உட்காருங்கள், பத்து நிமிடம் போதும். வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் முதல் கிண்ணத்தை உங்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டு அப்புறம் மற்றவர்களைக் கூப்பிடுங்கள். அது சுயநலம் என்று யாராவது சொன்னால், மறுநாள் கடலையை ஊறப்போடும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.