ஒரு 'ச்' அழிக்க இத்தனை பாடா?

எங்கள் குடியிருப்பின் வாசல் சுவரில் மூன்று மாதமாக, 'கூட்டு முயற்ச்சியால் குடிநீரைச் சேமிப்போம்' என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. 'ற்' பக்கத்தில் இன்னொரு ஒற்று வரவே வராது. 'முயற்சி', அவ்வளவுதான். ஒரே ஒரு 'ச்' அழிக்க வேண்டும்.

சங்கச் செயலாளரிடம் சொன்னேன். "படிச்சா புரியுதுல்ல சார், விடுங்க" என்றார். இன்னொரு முறை சொன்னதற்கு, "உங்க கண்ணுக்கு மட்டும்தான் இதெல்லாம் படுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன வாரம் புது அறிவிப்பு வந்தது. அதில் 'அதற்க்கு'!

பிழை யாருக்கும் வரும், அதில் எனக்குக் கோபமே இல்லை. சுட்டிக்காட்டியவனை எதிரியாகப் பார்ப்பதுதான் தாங்க முடியவில்லை.

இதே தமிழ் எவ்வளவு பெரிய மாற்றத்தை ஏற்றுக்கொண்டது! தும்பிக்கை வைத்த பழைய லை, னை எல்லாம் வேண்டாமென்று பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் புது வடிவத்தில் அச்சிட்டார். 1978-இல் தமிழக அரசு ஆணை போட்டது. 'ஐ', 'ஔ' எழுத்துகளுக்குப் பதிலாக அவர் சொன்ன 'அய்', 'அவ்' மட்டும் அதில் இடம்பெறவில்லை. என் அப்பா பழைய எழுத்தில் ஊறிய கை. என் வீட்டுப்பாட நோட்டைப் பார்த்துப் பார்த்து, நாற்பது வயதுக்கு மேல் எழுத்தை மாற்றிக்கொண்டார். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மறுபடியும் கேட்கப்போகிறேன்.