பாரூர் ஏரி விராலுக்கு 14 கிராம் ஈயம் வேண்டாம்

அண்ணா, ரப்பர் புழு (புழு மாதிரி செய்த போலி இரை) எதுவானாலும் 5/0 அளவுத் தூண்டில் முள்ளும், அதை அமிழ்த்த 14 கிராம் ஈயமும் போட்டால் விரால் தப்பாது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். புதிதாக வருகிற பசங்க இதை நம்பிக் காசைச் செலவழிப்பார்கள் என்பதால் சொல்கிறேன், இது சரியில்லை.

விரால் மூச்சுக் காற்றுக்கு மேலே வரும் மீன். கரையோரப் பாசி, அல்லி இலைக்குள்ளேதான் நிற்கும். பாரூர் ஏரி ஓரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் 14 கிராம் ஈயம் போட்டால் புழு நேராகச் சேற்றில் போய்ப் புதையும். இழுத்தால் நுனியில் பாசிக்கொத்துதான் வரும். அங்கே ஈயமே இல்லாமல் வீசலாம், காற்று அடித்தால் 3 முதல் 5 கிராம் தாராளம். கிருஷ்ணகிரி அணை மாதிரி ஆழமான இடத்தில் புழு தரையைத் தொட வேண்டுமென்றால், 10 கிராமுக்கு மேல் போவதில் அர்த்தம் இருக்கிறது.

முள்ளைப் புழுவின் தடிமன் பார்த்து எடுக்க வேண்டும். மீன் கடித்ததும் ரப்பர் சுருங்கி முள்ளின் வளைவுக்குள் இறங்கணும், அப்போதுதான் நுனி வெளியே வந்து வாயில் ஏறும். விரல் நீளம், பென்சில் தடிமன் புழுவுக்கு 1/0 அல்லது 2/0 போதும். 5/0 போட்டால் புழு விறைத்துப்போய் ஆட்டமே இருக்காது. தடித்த ரப்பர் தவளைக்குத்தான் 4/0, 5/0.

கடையில் கேட்கும்போது கவனம்: 2, 4, 6 என்று எண் ஏறினால் முள் சிறுக்கும், 1/0, 2/0, 3/0 என்று ஏறினால் பெருக்கும்.