அட்டையில் 88 வோல்ட், உள்ளே அஞ்சு செல்

கூரை ஷீட் அடிக்க ஒரு நல்ல மெஷின், நம்ம கைக்கு எட்டுகிற விலையில் எது என்று கேட்டால் ஒருத்தர்கூட நேராகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், வயிறு எரிகிறது. நெட்டில் 'ரூஃபிங் கன்' என்று தேடினால் வருவதெல்லாம் ஆணி அடிக்கிற துப்பாக்கி. அது அமெரிக்காவில் பலகைக்கு மேலே தார் ஷிங்கிள், அதாவது தார் பூசிய கூரை வில்லை, பதிக்கிறவர்களுக்கு. நாம் அடிப்பது தகர ஷீட், அடியில் 2 எம்எம் இரும்பு பைப். தானே துளை போட்டுக்கொண்டு இறங்குகிற செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூவை முறுக்கி இறக்குகிற மெஷின்தான் நமக்கு வேண்டும்.

சரி என்று போன வருஷம் தென்காசியில் ஒரு கடையில் 88 வோல்ட் என்று பெரிதாகப் போட்டிருந்த இம்பாக்டை, அதாவது தட்டித் தட்டி ஸ்க்ரூ முறுக்குகிற பேட்டரி மெஷினை, வாங்கினேன், 3,200 ரூபாய். ஒரு பக்கக் கூரை முடியுமுன் பேட்டரி படுத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே அஞ்சே அஞ்சு லித்தியம் செல்! ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. கூட்டிப் பார்த்தால் 18, மிஞ்சிப்போனால் 21. 48 வோல்ட் வேண்டும் என்றாலே பதிமூன்று செல்லை வரிசையாகக் கோக்க வேண்டும், 88-க்கு எங்கே போவது? படிக்கிற பையன்கூடக் கூட்டிச் சொல்லிவிடுவான், அதைப் பெட்டியில் அச்சடித்து விற்க எப்படி மனசு வருகிறது?

பேட்டரி போனால் போகட்டும். இம்பாக்டில் முறுக்கை நிறுத்த கிளட்ச் கிடையாது, விரலை எடுக்கிறவரை தட்டித் தட்டி இறுக்கிக்கொண்டே போகும். ஸ்க்ரூ தலைக்கடியில் இருக்கிற ரப்பர் வாஷர் லேசாக நசுங்கி உட்கார்ந்தால் போதும், அதற்கு மேலே இறுக்கினால் ரப்பர் பிதுங்கிக் கிழியும், ஷீட் குழிந்து அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும், இறுக்கம் குறைந்தாலோ தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். ஒரு கூரைக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கிறோம், உச்சி வெயிலில் சூடேறிய தகரத்தின் மேலே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் விரலைக் கணக்குப் பண்ண முடியுமா? ஆனிச் சாரல் காற்றோடு அடித்தபோது நாற்பது இடத்தில் ஒழுகியது. வீட்டுக்கார அக்கா ஒன்றும் பேசவில்லை, வாளியை மட்டும் எடுத்து எடுத்து வைத்தார், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை எனக்கு. என் காசில் ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ வாங்கி அத்தனையையும் மாற்றினேன்.

வோல்ட்டைப் பார்த்து இனி யாரும் வாங்காதீர்கள். மூக்கில் ஆழம் வைத்துக்கொள்கிற கரண்ட் ஸ்க்ரூ மெஷின் இருக்கிறது, சொன்ன ஆழம் வந்ததும் ஸ்க்ரூவைத் திருப்புகிற முனை, அதுதான் பிட், தானாக விட்டுவிடும், ஒயரை இழுத்துக்கொண்டு திரிய வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை. நிமிஷத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் இருக்கிறதை எடுக்காதீர்கள், ஸ்க்ரூ முனை இரும்பைத் துளைக்குமுன் கருகிவிடும். கைவசம் ட்ரில் இருந்தால் அதிலிருக்கிற கிளட்ச் வளையத்தை வைத்தாவது சமாளிக்கலாம். அப்புறம் பெட்டியில் சுற்று எவ்வளவு, முறுக்கு எவ்வளவு என்று போடாத மெஷினைத் தொடவே தொடாதீர்கள்.

இதையெல்லாம் சொல்லி அந்த மூக்கு வைத்த மெஷினைக் கேட்டால், "அதெல்லாம் யாரும் கேக்கதில்ல அண்ணாச்சி" என்கிறார்கள். நான் கேட்கிறேனே, மூன்று கடையில் ஏறி இறங்கிக் கேட்டுவிட்டேனே!